யந்திர ரம்பம்

தலைப்பைப் பார்த்தவுடன் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிடித்த ஆளை விடாமல் பேசிப் பேசியே அறுக்கும் மனித ரம்பங்களைப் பற்றி இந்த வாரம் நாம் எழுதப் போவதில்லை. அந்த ரம்பங்களினால் காது புண்ணாவதுண்டே தவிர, கை கால் போனதாகக் கேள்வியில்லை. நாம் சொல்ல வந்தது பெட்ரோலில் ஓடும் ரம்பத்தைப் பற்றி. நீண்ட தகடு ஒன்றைச் சுற்றிப் பற்கள் வைத்த சங்கிலி ஓட, ஐம்பது வருஷத்து அடிமரத்தையும் ஐந்து நிமிஷத்தில் துண்டாக்கி விடுகிறதே, அந்தச் சங்கிலி ரம்பத்தைப் பற்றி. தொழிலாளிகள் அதை 'மெஷின்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் தண்டையார்பேட்டைத் தெருக்களில் இந்த மெஷினின் கூக்குரல் கேட்க ஆரம்பித்துவிடும். மழைக்கு முன்னால் கிளை கழிக்கும் வேலை ஒரு பக்கம். காற்றடித்த மறுநாள் சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்தும் வேலை இன்னொரு பக்கம். வேலை நடக்கும் இடத்தில் தெருவே கூடி நிற்கும். குழந்தைகள் முன்வரிசையில் இருப்பார்கள். மரத்தின்மேல் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கிளையையும் மறு கையால் மெஷினையும் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே வீட்டுக்காரர், "சீக்கிரம் ஆகட்டும் அப்பா, மழை வருகிறது!" என்று துரிதப்படுத்திக் கொண்டிருப்பார்.

"எங்கள் குடும்பத்தில் மரம் அறுப்பவர் யாரும் இல்லையே, இதை எங்களுக்கு ஏன் சொல்லவேண்டும்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெஷினைப் பிடிப்பவர் தொழிலாளி என்பது வாஸ்தவம். ஆனால் அதை எப்போது ஓட்டுவது, எத்தனை ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டுவது, எவ்வளவு அவசரமாக ஓட்டுவது என்பதையெல்லாம் தீர்மானம் செய்கிறவர் பெரும்பாலும் கூலி கொடுக்கிற வீட்டுக்காரரே. வாசற்படியில் நின்று நாம் பேரம் பேசும் அந்தப் பத்து நிமிஷத்தில் தொழிலாளியின் அபாயம் பாதி நிச்சயமாகிவிடுகிறது. ஆகையால் மெஷினின் குணத்தை அவர் அறிந்திருப்பது போலவே நாமும் ஓரளவு அறிந்திருப்பது கடமையாகிறது.

இந்த யந்திரம் வேண்டுமா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மெஷின் இல்லாமல் இனி நமக்குக் காலந்தள்ள முடியாது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி திங்கட்கிழமை, திருக்கார்த்திகைத் தினத்தன்று, 'வர்தா' என்ற புயல் சென்னைக்கு அருகில் கரையைக் கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அடித்த அந்தக் காற்றில் நகரமெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அகல் விளக்கு வைக்கவேண்டிய தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்களும் குல்மோஹர் மரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வழியடைத்துப் போன சாலைகளில் ஆம்புலன்ஸ் போக வேண்டும். அறுந்த மின்கம்பிகளை எடுத்துக் கட்ட வேண்டும். பால் வண்டி வர வேண்டும். கோடாலியையும் கைரம்பத்தையும் மட்டும் நம்பியிருந்தால் தை பிறந்த பிறகும் வழி பிறந்திராது. இரண்டு வருஷம் கழித்து, 2018 நவம்பர் 16-இல், 'கஜா' புயல் வேதாரணியம் பக்கத்தில் கரையேறித் தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோதும் இதே கதைதான்.

யந்திரம் என்றாலே காந்தியடிகள் விரோதி என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. யந்திர மோகத்தைத்தான் அவர் எதிர்த்தார். சிங்கர் தையல் யந்திரத்தைப் போல், மனிதனுடைய உழைப்பின் கடுமையைக் குறைத்து அவனுக்கு உபகாரமாக இருக்கும் யந்திரத்தை அவர் விலக்கவில்லை. உழைக்கிறவனின் அங்கங்களைக் குன்றச் செய்யாததாக யந்திரம் இருக்கவேண்டும் என்பதே அவர் வைத்த நிபந்தனை. சங்கிலி ரம்பத்தை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தால், ஒரு தட்டில் பெரிய உபகாரமும் மறு தட்டில் பெரிய அபாயமும் இருப்பதைக் காண்கிறோம்.

புழு கற்பித்த பாடம்

இந்த ரம்பத்தின் சரித்திரம் ரஸமானது. ஜெர்மனியில் ஆந்த்ரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்றைச் செய்தார். 1929-இல் பெட்ரோல் ரம்பமும் வந்தது. அந்தக் காலத்து ரம்பங்களைத் தூக்கிப் பிடிக்க இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. சங்கிலியின் பற்கள் சாதாரண ரம்பப் பற்களைப் போல மரத்தைச் சுரண்டின, அடிக்கடி மழுங்கின.

அமெரிக்காவில் ஆரெகான் மாகாணத்தில் மரம் வெட்டிக் கொண்டிருந்த ஜோஸப் காக்ஸ் என்பவர், 1946-ஆம் வருஷத்தில், வெட்டிய கட்டை ஒன்றில் ஒரு வண்டின் புழு மரத்தைத் தின்று செல்வதைக் கவனித்தார். அந்தப் புழு நாரின் போக்கிலும் குடைந்தது. நாருக்குக் குறுக்கேயும் குடைந்தது. அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டுவதே அதன் ரகசியம் என்று கண்டார். அதே அமைப்பில் இரும்புப் பற்கள் வைத்துச் சங்கிலி செய்து, 1947-இல் அதற்கென்று ஒரு கம்பெனியும் ஏற்படுத்தினார். இன்று நம் தெருவில் ஓடும் ரம்பத்தின் சங்கிலியும் அந்தப் புழுவின் சிஷ்யப் பரம்பரையைச் சேர்ந்ததுதான்.

புழு நாள் முழுவதும் குடைந்தால் ஒரு விரல் நீளம் போகும். மெஷினின் சங்கிலியோ வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். நம்முடைய திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பகல் வேளையில் எந்த பஸ்ஸும் அந்த வேகத்தைக் கனவிலும் கண்டிராது. அவ்வளவு வேகமாக ஓடும் பற்களுக்கும் தொழிலாளியின் தொடைக்கும் நடுவே பல சமயங்களில் ஒரு கைலித் துணிதான் இருக்கிறது.

மூக்கில் இருக்கும் கோபம்

மனிதர்களில் சிலருக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும் என்பார்கள். சங்கிலி ரம்பத்துக்கு அது அக்ஷர சுத்தமாகப் பொருந்தும்.

சங்கிலி தகட்டின் மேல்புறமாக முன்னோக்கி ஓடி, நுனியைச் சுற்றிக்கொண்டு, கீழ்ப்புறமாகத் திரும்பி வருகிறது. கீழ்ப்புறத்தால் மரத்தை அறுக்கும்போது யந்திரம் மரத்தை நோக்கி இழுக்கும். மேல்புறத்தால் அறுக்கும்போது அறுப்பவரை நோக்கித் தள்ளும். இந்த இரண்டையும் பழகிய கை சமாளித்துவிடும். ஆனால் தகட்டின் நுனியில் மேல் கால்பகுதி ஒன்று இருக்கிறதே, அங்கேதான் விபரீதம். தகடு வலப்பக்கம் நீட்டியிருப்பதாகவும் அதன் நுனி ஒரு கடிகார முகம் என்றும் பாவித்துக் கொண்டால், 12-க்கும் 3-க்கும் இடைப்பட்ட பாகம் அது. அந்த இடம் ஒரு கட்டையிலோ, மறைந்திருந்த வேறொரு கிளையிலோ, மதில் சுவரிலோ பட்டால், சங்கிலி ஒரு க்ஷணம் தடைப்படும். ஓட முடியாத வேகமெல்லாம் தகட்டையே மேலும் பின்னுமாகத் தூக்கி எறியும். செயலுக்குச் சமமான எதிர்ச்செயல் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் நியூட்டனின் மூன்றாவது விதியைச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதன் பிரத்தியட்சமான நிரூபணம் இது. தகடு வந்து சேரும் இடம் அறுப்பவரின் தோளும் கழுத்தும் முகமும்.

இந்த உதைப்பு நடந்து முடிய வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். மனிதன் கண்டு, உணர்ந்து, கையை விலக்குவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். "நான் இருபது வருஷமாய்ப் பிடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இருபது வருஷமாக மூக்கு எதிலும் படவில்லை, அவ்வளவே. அனுபவத்தினால் உதைப்பு வராமல் பார்த்துக்கொள்ளலாம். வந்துவிட்ட உதைப்பைத் தடுத்து நிறுத்த எந்த அனுபவத்தாலும் இயலாது.

அதனால்தான் யந்திரம் செய்கிறவர்கள் 1970-களிலேயே அதற்கொரு பிரேக் வைத்தார்கள். முன் கைப்பிடிக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் கவசம் ஒன்றைக் காணலாம். தகடு எகிறும்போது இடது மணிக்கட்டு அந்தக் கவசத்தில் மோதினாலும், யந்திரத்தின் எகிறலாலேயே கவசம் முன்னுக்குச் சாய்ந்தாலும், சங்கிலி உடனே நின்றுவிடும். சின்னச் சாதனம், ஆனால் ஓர் உயிரின் விலை பெறுவது. இதை உடைந்த பிறகு மாற்றாமலும், 'கைக்கு இடைஞ்சல்' என்று கழற்றி எறிந்துவிட்டும் ஓட்டுகிற மெஷின்களை நம் தெருக்களில் காண்கிறோம். பிரேக் இல்லாத பஸ்ஸில் நாம் ஏறுவோமா? பிரேக் இல்லாத மெஷினை மட்டும் நம் வாசலில் ஓட்ட விடுவானேன்?

இன்னும் சில விதிகள் உண்டு. இரண்டு கைகளாலும் பிடிக்கவேண்டும். இடது கட்டைவிரல் முன் கைப்பிடியை வளைத்துக் கொண்டிருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்றுகொண்டு அறுக்கவே கூடாது. காற்றில் தொங்கவிட்டபடி ஒரு கையால் கயிற்றை இழுத்துக் கிளப்பாமல், தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டு, பிரேக் போட்ட நிலையில் கிளப்ப வேண்டும். ஓடிச் சூடேறிய மெஷினில் உடனே பெட்ரோல் ஊற்றாமல் ஆறவிட வேண்டும். ஊற்றிய இடத்திலேயே கிளப்பாமல் பத்தடி தள்ளிப் போய்க் கிளப்ப வேண்டும். எண்ணெய்க் கிடங்குகளுக்கும் டாங்கர் லாரிகளுக்கும் நடுவே நெடுங்காலமாகக் குடியிருக்கும் தண்டையார்பேட்டை வாசிகளுக்குப் பெட்ரோல் ஆவியின் குணத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

விழுந்த மரமும் வில்தான்

நிற்கிற மரத்தைவிட விழுந்த மரம் சாது என்று நாம் நினைக்கிறோம். விஷயம் தெரிந்த தொழிலாளியைக் கேட்டால் தலையை ஆட்டுவார்.

புயலில் சாய்ந்த மரம் மதிலின்மேலும் மின்கம்பத்தின்மேலும் பிற மரத்தின்மேலும் சாய்ந்து, வளைந்து, முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. வளைந்த கிளை நாணேற்றிய வில்லுக்குச் சமானம். அதன் ஒரு பக்கத்து நார்கள் நெருக்குண்டு கிடக்கின்றன; எதிர்ப்பக்கத்து நார்கள் இழுபட்டு விறைத்திருக்கின்றன. விறைத்த பக்கத்தில் முதலில் ரம்பத்தை வைத்தால், பாதி அறுப்பதற்குள் கிளை படாரென்று பிளந்து அடிக்கும். நெருக்குண்ட பக்கத்தில் ஆழமாக அறுத்தாலோ தகடு உள்ளே மாட்டிக்கொள்ளும். நெருக்குண்ட பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்து, பிறகு விறைத்த பக்கத்தில் சிறிது சிறிதாக அறுத்து இறுக்கத்தைத் தளரவிட வேண்டும். அறுப்பவர் கிளை திமிறக்கூடிய பக்கத்தில் நிற்கலாகாது. இதைத் தீர்மானிக்க, ரம்பத்தைக் கிளப்புமுன் மரத்தைச் சுற்றி வந்து ஐந்து நிமிஷம் பார்த்தாக வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கண்டு, "ஏனப்பா சும்மா நிற்கிறாய்?" என்று கேட்கிற வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய தவறு செய்கிறார் பாருங்கள்!

வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னோர் அபாயம் ஒளிந்திருக்கிறது. வேரும் மண்ணும் சேர்ந்து ஒரு சுவரைப்போல் எழுந்து நிற்கும். அதன் பின்னால் பெரிய குழி இருக்கும். தண்டின் பாரம் இருக்கிறவரையில்தான் அந்தச் சுவர் அப்படி நிற்கிறது. தண்டை அறுத்துவிட்டால், அது சில சமயம் திரும்பிப் போய்ப் பழைய குழியில் உட்கார்ந்துவிடும். தெருப் பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாட அந்தக் குழியைப்போல் தோதான இடம் வேறில்லை. ரம்பத்தைக் கிளப்புமுன் குழியில் யாரும் இல்லை என்பதைக் கண்ணால் கண்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பும் வேலை நம்முடையது. மெஷினின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். அது ஓடும்போது நாம் எவ்வளவு கத்தினாலும் அறுப்பவர் காதில் விழாது.

தென்னைக்குத் தனி எச்சரிக்கை. அதற்குக் கிளையில்லை; வளையமும் இல்லை. வெளிப்புறம் இறுகியும் உட்புறம் மெத்தென்றும் இருக்கும். அதன் நார் சங்கிலியில் அடைத்துக்கொள்ளும். வேம்பும் பூவரசும் அறுத்துப் பழகிய கை, தென்னையையும் அப்படியே நினைத்துவிடக் கூடாது.

மின்கம்பி விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. கம்பியில் சாய்ந்த மரத்தை, மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தினோம் என்று சொல்லும் வரையில் யாரும் தொடக்கூடாது. தெருவில் விளக்கு எரியவில்லை என்பது கம்பியில் மின்சாரம் இல்லை என்பதற்கு அத்தாட்சியாகாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் அது திரும்பி வரக்கூடும். மின்வாரியத்தின் 'மின்னகம்' 94987 94987 என்ற எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. தெருவோர மரமானால் அது மாநகராட்சியின் பொறுப்பு. 1913 என்ற எண்ணில் சொல்லலாம். நாமாக ஆள் வைத்து அதை வெட்டுவது சட்டத்துக்கும் விரோதம், புத்திக்கும் விரோதம்.

நம் தெருவும் காளிதாசனும்

மரம் சாய்க்கும் சாஸ்திரத்தில் ஒரு கணக்கு உண்டு. மரத்தின் உயரம் எவ்வளவோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் வேறு மனிதர் இருக்கக் கூடாது. விழவேண்டிய பக்கத்தில் அடிமரத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவமாக ஒரு வாய் வெட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வந்து, நடுவில் பத்தில் ஒரு பங்கு மரத்தைக் கதவின் கீலைப்போல் விட்டுவைக்க வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தை நாம் சொன்ன திசைக்கு அழைத்துச் செல்கிறது. மரம் அசையத் தொடங்கியதும் அறுப்பவர் விலகிச் செல்ல, பின்பக்கம் சாய்வாக ஒரு வழியை முன்னதாகவே ஒழித்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைத் தண்டையார்பேட்டையின் சந்து ஒன்றில் போட்டுப் பாருங்கள். முருங்கையும் வேம்பும் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கின்றன. நாற்பதடி மரத்துக்கு எண்பதடி வெளி வேண்டும். நம் சந்தின் அகலமோ பதினைந்தடி. அதிலும் பாதியில் மோட்டார் சைக்கிள்கள். ஆகவே நம் தெருக்களில் பெரிய மரத்தை ஒரே வெட்டாகச் சாய்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலிருந்து துண்டு துண்டாகக் கழித்து, ஒவ்வொரு துண்டையும் கயிறு கட்டி இறக்க வேண்டும். இதற்கு நாள் அதிகம் ஆகும். ஆள் அதிகம் வேண்டும். கூலியும் அதிகம் ஆகும். குறுகிய தெருவில் குடியிருப்பதற்கு நாம் கொடுக்கவேண்டிய வரிகளில் இதுவும் ஒன்று என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

மகாகவி காளிதாசன் அருள் பெறுவதற்கு முன்னால், தான் உட்கார்ந்திருந்த கிளையின் அடியையே வெட்டிக் கொண்டிருந்தான் என்ற கதை நாம் எல்லோரும் பாட்டியிடம் கேட்டுச் சிரித்தது. அவன் கையில் இருந்தது கோடாலி. தவறை உணர அவகாசம் இருந்தது. மெஷின் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. மரத்தின்மேல் ஏறி அறுப்பவர் தம்மை அடிமரத்தோடு சேர்த்து வலுவாகக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டுக்கு இரண்டு கட்டாக இருந்தால் உத்தமம். கயிறு ரம்பம் ஓடும் பாதையில் வரக்கூடாது. கீழே நிற்கும் ஆள் கிளை விழும் வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். சத்தத்தில் சொல் கேளாதாகையால் கையசைப்பு, விசில் என்று முன்னதாகவே சைகைகளைப் பேசிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட நல்ல யோசனை, மரத்தின்மேல் கைரம்பமே போதும் என்பது. கைத்தடிமன் கிளைக்கு மெஷின் எதற்கு? தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் விழும். பிறகு மிச்சமிருக்கும் முளையைத் தண்டை ஒட்டிய புடைப்புக்கு வெளியே அறுத்துவிடலாம். மரத்துக்கும் காயம் சீக்கிரம் ஆறும். பெரிய துண்டுகள் தரைக்கு வந்த பிறகு மெஷின் தன் பராக்கிரமத்தைக் காட்டட்டும்.

நூலின் வலிமை

இந்த வேலைக்கென்று ஒரு கால்சட்டை உண்டு. அதைக் கத்தியாலும் வெட்ட முடியாத கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் உட்புறத்தில் நீண்ட மெல்லிய செயற்கை நூல்கள் பல அடுக்காக இருக்கின்றன. ஓடும் சங்கிலி துணியைக் கிழித்ததும் அந்த நூல்கள் வெளிப்பட்டு, சங்கிலியோடு ஓடிப்போய், அதை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, க்ஷணத்தில் மெஷினை நிறுத்திவிடுகின்றன. இரும்பை நிறுத்துகிறது நூல்! நூலின் மகிமையை உலகுக்குச் சொன்ன தேசத்தில் பிறந்த நமக்கு இது ஆச்சரியமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நூல் நம் தொழிலாளியின் காலில் இல்லை என்பதுதான் வெட்கமாக இருக்கவேண்டும்.

தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடியோ முகத்துக்கு வலையோ, காதுக்கு அடைப்பு, கைக்கு உறை, காலுக்கு முன்புறம் வலுவான பூட்ஸ் — இவையும் வேண்டும். கைலியும் துண்டும் ரப்பர்ச் செருப்பும் மெஷினுக்கு அருகே வரத்தக்கவை அல்ல. வருஷக்கணக்கில் அதிர்வைத் தாங்கிய விரல்கள் வெளுத்து மரத்துப் போவதும், காது மெல்ல மெல்ல மந்தமாவதும் இத்தொழிலின் சத்தமில்லாத விபத்துக்கள். அவற்றைப் பத்திரிகைகள் பிரசுரிப்பதில்லை.

பேரமும் பொறுப்பும்

"இத்தனையும் கேட்டால் எந்த ஆள் வேலைக்கு வருவான்?" என்று ஒரு கேள்வி எழும். கேள்வியைத் திருப்பிப் போட்டால் உண்மை விளங்கும். இத்தனையும் வைத்துக்கொண்டு வருகிற ஆளுக்கு நாம் வேலை கொடுக்கிறோமா? இரண்டு பேர் வந்து கூலி சொல்கிறார்கள். ஒருவர் ஹெல்மெட், கயிறு, கூட மூன்று ஆள் என்று கணக்குச் சொல்லி அதிகம் கேட்கிறார். மற்றவர் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வந்து, பாதிக்கு முடிக்கிறேன் என்கிறார். நாம் யாரை அழைக்கிறோம் என்பது நேயர்கள் மனச்சாட்சிக்குத் தெரியும். முதலாமவரும் அடுத்த வாரம் ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார். எச்சரிக்கையாய் இருப்பவன் பட்டினி கிடக்கவேண்டும் என்ற விதியை எழுதினவர்கள் நாம்.

'மொத்தமாக இவ்வளவு' என்று பேசும் கூலியிலும் ஒரு விஷம் இருக்கிறது. சீக்கிரம் முடித்தால்தான் அடுத்த தெருவுக்குப் போகலாம் என்ற எண்ணம் கையை அவசரப்படுத்துகிறது. முடிந்தவரை நாள் கூலியாகப் பேசுவது நல்லது. மழையிலும், காற்றிலும், இருட்டிய பிறகும் வேலை வேண்டாம் என்று நாமே சொல்லிவிட வேண்டும். தொழிலாளி தாமாகச் சொன்னால் சோம்பேறி என்ற பெயர் வரும். வீட்டுக்காரர் சொன்னால் அது உத்தரவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

மெஷினை வாடகைக்கு எடுத்துத் தாமே அறுத்துப் பார்க்கும் உற்சாகம் சில வீட்டு இளைஞர்களுக்கு வருகிறது. உழைப்பில் நாணமில்லாமை நல்ல குணம், அதை மெச்சுகிறோம். ஆனால் கற்றுக்கொள்ளாமல் தொடக்கூடிய கருவி இதுவல்ல. தெரிந்தவர் அருகிலிருந்து கற்பிக்க, தரையில் கிடக்கும் சின்னக் கட்டையில் பழக வேண்டும். தனியாக யாரும் இல்லாத இடத்தில் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

கையைக் காக்கும் வீடு

தண்டையார்பேட்டையிலிருந்து சற்றுத் தூரத்தில், பழைய ஜெயில் ரோட்டில், ஸ்டான்லி அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே டாக்டர் ஆர். வேங்கடஸ்வாமி 1971-இல் கைக்காயங்களுக்கென்றே ஒரு தனிச் சிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார். துறைமுகமும் தொழிற்சாலைகளும் ரயில்வே யார்டும் நிறைந்த வடசென்னையில் மனிதர்களின் கைகளுக்கு என்ன நேருகிறது என்பதை அறிந்து செய்த காரியம் அது. இன்று கைக்கென்று ஏற்பட்ட பெரிய ஸ்தாபனமாக அது வளர்ந்திருக்கிறது. கையை நம்பிப் பிழைக்கும் பேட்டைக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் அமைந்தது நமது பாக்கியம்.

ஆனால் அங்கே போய்ச் சேருமுன் செய்யவேண்டியது நம் கையில் இருக்கிறது. மெஷின் பட்டு ரத்தம் பெருகினால், சுத்தமான துணியைக் காயத்தின் மேலேயே வைத்து, விடாமல் பலமாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. காப்பிப்பொடி, மஞ்சள்பொடி எதுவும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். விரல் துண்டித்துப் போயிருந்தால் அதை எறிந்துவிடக் கூடாது. தண்ணீரிலும் ஐஸிலும் நேராகப் போடவும் கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் வைத்து வாயைக் கட்டி, அந்த உறையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து ஆளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். மறுபடி ஒட்டவைக்கும் சாமர்த்தியம் டாக்டர்களிடம் இருக்கிறது; அதற்கு இடம் வைப்பது நம் புத்தியில் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த வருஷம் மழைக்கு முன்னால் மரம் கழிக்க ஆள் அழைக்கும் நேயர்கள், கூலியைப் பேசுமுன் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டுகிறோம். மெஷினின் பிரேக் வேலை செய்கிறதா, காட்டு பார்க்கலாம்? தலைக்கும் கண்ணுக்கும் காலுக்கும் என்ன வைத்திருக்கிறாய்? கூட எத்தனை பேர்? மேலே போகிறவர் எதில் கட்டிக்கொள்ளப் போகிறார்? கிளை எந்தப் பக்கம் விழும், அங்கே யார் நிற்கக் கூடாது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர், கேட்கிற கூலிக்குத் தகுதியானவர். பதில் தெரியாதவர் இலவசமாகச் செய்கிறேன் என்றாலும் அனுப்பிவிடுவது அவருக்கே நாம் செய்யும் உபகாரம். வேலை நடக்கும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, தெருவின் இரு முனையிலும் ஒரு நாற்காலியைப் போட்டு வழியை மறித்துவிட வேண்டும். வேடிக்கை பார்க்கும் ஆசையை நாமும் ஒரு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

சுதந்திர தேசத்தின் பிரஜைகள் என்று நாம் பெருமை கொள்கிறோம். 1950-இல் கே. எம். முன்ஷி ஆரம்பித்து வைத்த வனமகோத்ஸவத்தை வருஷந்தோறும் கொண்டாடி மரக்கன்று நடுகிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். நட்ட மரத்தைக் கழிக்க ஏறுகிறவனும் இந்தத் தேசத்துப் பிரஜைதான். காலையில் அவன் எப்படி வந்தானோ, சாயங்காலம் அப்படியே, இரண்டு கையும் இரண்டு காலுமாகத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கு, கூலி கொடுத்தவர்களாகிய நாமும் பொறுப்பாளிகள்.